சர்ச் ரம்மேஜ் சேல்: வாசலில் கேட்கும் காசு கொடுக்கலாமா?

அமெரிக்காவில் பல சர்ச்சுகள் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ரம்மேஜ் சேல் என்னும் பழைய பொருள் விற்பனையை நடத்துகின்றன. புதிதாகக் குடித்தனம் வைப்பவர்கள் பாத்திரம், நாற்காலி, குளிர்கால கோட்டு வாங்க இதைவிட மலிவான இடம் கிடைப்பது கடினம். பொருளெல்லாம் அக்கம்பக்கத்தார் தானமாகக் கொடுத்தவை, விற்பவர்கள் தன்னார்வலர்கள். அங்கேயும் உள்ளே விட ஐந்து டாலர், பத்து டாலர் கேட்டால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாங்கும் 'ஏர்லி பேர்ட்' கட்டணம் நியாயமானது. நாள் முழுக்க வாங்கினால் அது தவறு.

கதவு திறந்தவுடன் ஓடி வருபவர்களில் பலர் வாங்கி விற்கும் வியாபாரிகள். புத்தக மேசையில் செல்போனால் பார்கோடை ஸ்கேன் செய்து, ஆன்லைனில் நல்ல விலை போகிறவற்றை மட்டும் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். பழைய பைரெக்ஸ் கண்ணாடிக் கிண்ணம், வார்ப்பிரும்பு வாணலி, ஸ்டெர்லிங் (92.5 சதவீத) வெள்ளிக் கரண்டி எல்லாம் அந்த முதல் அரை மணியில் காலி. சிலர் மேசை மீது பெட்ஷீட்டைப் போர்த்தி, மொத்தத்தையும் தங்களுடையதாக்கப் பார்ப்பார்கள். இவர்களுக்கு வரப்போகிற லாபத்தில் பத்து டாலர் சர்ச்சுக்குப் போவதில் தப்பே இல்லை. மதியம் குழந்தைக்கு ஸ்வெட்டர் தேடி வரும் குடும்பத்திடம் அதே காசை வாங்கினால், யாருக்காக இந்த விற்பனையோ அவர்களே திரும்பிப் போய்விடுவார்கள்.

கட்டணம் மட்டும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தாது. நன்றாக நடத்துபவர்கள் வரிசையில் நிற்பவர்களுக்கு எண் போட்ட டோக்கன் கொடுத்து, முப்பது நாற்பது பேராக உள்ளே விடுவார்கள். ஸ்கேன் செய்யத் தடை, போர்த்திப் பிடிக்கத் தடை, தள்ளுவண்டிக்குத் தடை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். காருக்குப் போய்த் திரும்புபவரிடம் மறுபடி கேட்காமல் இருக்கக் கையில் முத்திரை குத்துவார்கள். சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் மூன்று டாலர் என்று வைக்கும் இடங்களில்தான் சிக்கல்: எல்லோரும் இருபது டாலர் நோட்டை நீட்ட, ஒரு டாலர் நோட்டுகள் சீக்கிரமே தீர்ந்து, வரிசை அப்படியே நின்றுவிடும். ஐந்து டாலர் என்று முழுதாக வைத்து, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளை முன்கூட்டியே வங்கியில் மாற்றி வைப்பதே வேலைக்கு ஆகும்.

காசு கொடுத்து முதலில் போகிறவர்கள் நேராகப் பாத்திரப் பகுதிக்குப் போங்கள். துணி எப்படியும் மிஞ்சும். வார்ப்பிரும்பு வாணலியைச் சமதளத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, மேற்பரப்பு கண்ணாடியாக இருக்கும் அடுப்புக்கு ஆகாது. விரல் முட்டியால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தென்று அடங்கினால் விரிசல் இருக்கலாம். கரண்டியின் பின்புறம் 925 என்றோ ஸ்டெர்லிங் என்றோ பொறித்திருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி. மிக்ஸரை அங்கேயே பிளக்கில் செருகி எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

குழந்தைப் பொருளில் மட்டும் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கத் தடுப்பு மேலும் கீழும் நகரும் தொட்டில்களை 2011 ஜூன் முதல் அமெரிக்காவில் பழையதாகக்கூட விற்கக் கூடாது. குழந்தைக் கார் சீட்டின் அடியிலோ பின்புறமோ பெரும்பாலும் காலாவதித் தேதி இருக்கும். விபத்தில் பட்டதா என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் அதைத் தொடாமலே வந்துவிடுங்கள்.

பிராண்டு, பழம்பொருள் எதுவும் தேடாதவர்கள் முதல் நாள் காலையில் காசு கட்ட வேண்டியதே இல்லை. கடைசி நாள் பிற்பகலில் பல சர்ச்சுகள் பாதி விலைக்குக் கொடுக்கும், அல்லது ஒரு பை நிறைய அள்ளிக்கொள்ள இத்தனை டாலர் என்று அறிவிக்கும். துணி, திரைச்சீலை, சிறுவர் புத்தகம் வாங்க அதுதான் சரியான நேரம்.