கணப்படுப்புக்கு மேலே மரப் பலகை வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கணப்படுப்புக்கு மேலே மரத்தில் மேன்டல் (அடுப்பு வாய்க்கு மேலே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் எதை அளக்கிறார் என்று முதலில் பாருங்கள். சுவரின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு மரத்தின் அழகைப் பேச ஆரம்பித்தால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வந்தவர் அப்படித்தான் செய்தார்.

எங்களுடையது செங்கல்லில் கட்டிய, விறகு எரிக்கும் அடுப்பு. அவர் பொருத்தியது 8 அங்குலம் முன்னால் நீண்டு நிற்கும் கனமான உத்தரம். அடுப்பு வாயின் மேல்விளிம்புக்கும் அதன் அடிப்பக்கத்துக்கும் இடையே இருந்தது வெறும் 7 அங்குலம். "இவ்வளவு கிட்ட வரலாமா?" என்று என் மனைவி அப்போதே கேட்டார். "எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கேன் மேடம், நல்லா காய்ஞ்ச பழைய மரம், ஒண்ணும் ஆகாது" என்றார். காய்ந்த மரம் என்பதை ஒரு பாதுகாப்பாகச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உத்தரத்தின் அடியில் வார்னிஷ் கொப்பளித்தது. அப்புறம் நடுப்பகுதி கருத்தது. தீ மூட்டிய கொஞ்ச நேரத்திலேயே மரம் வறுபடும் வாடை. கூப்பிட்டுக் காட்டினோம். "புது வார்னிஷ் அப்படித்தான் சார், போகப் போக சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகப் போக அது மோசமாகத்தான் ஆகும். மரம் சட்டென்று தீப்பிடிக்கப் பொதுவாக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாட்டினால் மரம் உள்ளுக்குள் மெல்லச் சிதைந்து கரியாகும். அப்படிக் கரியான மரம் முன்பைவிட எளிதாகப் பற்றும். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக மூன்றாம் வருடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர்தான் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி தீ மூட்டாதீர்கள் என்றார். அமெரிக்காவில் வீடுகளுக்கு உள்ள ஐஆர்சி (International Residential Code) கட்டட விதியின்படி, செங்கல் அடுப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. பக்கவாட்டு மரச் சட்டங்களுக்கும் இதே கணக்குதான். வாய்க்கு மேலே 12 அங்குலத்துக்குள் வரும் மரம், ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம்தான் முன்னால் நீளலாம். 7 அங்குல உயரத்தில் ஓர் அங்குலம்கூட நீளக்கூடாத இடத்தில் எங்களுக்கு 8 அங்குல உத்தரம். வாயிலிருந்து வெளியே வரும் சூடு சுவரை ஒட்டி மேலே ஏறுகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் மரம் அதை அப்படியே தடுத்து வாங்கிக்கொள்கிறது.

இதைச் சொன்னதும் மேன்டல் பொருத்தியவர் கொண்டு வந்த யோசனை இன்னும் மோசம்: அடியில் ஒரு தகட்டை ஒட்டிவிடலாமாம். மரத்தோடு ஒட்டிய தகடு சூட்டை மரத்துக்கே கடத்தும். நடுவில் காற்று புழங்க இடைவெளி விட்டால்தான் பலன், அதுவும் விதி அனுமதிக்கும் முறையில். மரச் சட்டத்தின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதும் இதே கதைதான். டைல்ஸ் எரியாது, பின்னால் இருக்கும் மரம் எரியும்.

தொழிற்சாலையில் செய்து வரும் இரும்புப் பெட்டி அடுப்பு, கேஸ் கணப்படுப்பு வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அளவுகளை நம்பி வேலை செய்யாதீர்கள். அவற்றுக்கு அந்தந்த மாடலின் கையேடுதான் விதி. எந்த உயரத்தில் எவ்வளவு நீளலாம் என்று அதில் படமே போட்டிருப்பார்கள். கையேடு தொலைந்துவிட்டால் அடுப்பில் பதித்த தகட்டில் மாடல் எண் இருக்கும், அதை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கலாம்.

உத்தரத்தை நாங்களே வேறு ஆளை வைத்து இறக்கிவிட்டோம். கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை, ஃபோனையும் அவர் எடுப்பதில்லை. நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், வாயின் விளிம்பிலிருந்து மரத்தின் அடிப்பக்கம் எத்தனை அங்குலம், முன்னால் எத்தனை அங்குலம் நீளும் என்ற இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது, அடிப்பக்கம் கருக்கிறது என்றால், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பில் தீ மூட்டவே வேண்டாம்.