பசோபனிப் மாத்திரை: எங்கள் வீட்டு அனுபவம்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகப் புற்றுநோய். ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இப்போதெல்லாம் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து) சேர்ந்த சிகிச்சையைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்கிறார்கள். அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் மதுரை டாக்டர் பசோபனிப் எழுதினார். தேவகோட்டையில் வீட்டிலேயே இருந்து விழுங்கும் மாத்திரை. கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்வதைத் தடுக்கும். வழக்கமான அளவு தினம் ஒரு வேளை 800 மி.கி.

இந்த மருந்தில் கஷ்டமே வெறும் வயிறுதான். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. எங்களுக்கு மாத்திரை கொடுத்த கடையில் கவர்மேல் ‘சாப்பிட்ட பின்’ என்று எழுதிவிட்டார்கள். டாக்டர் சொன்னது காதில் இருந்ததால் தப்பித்தோம். சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். எங்கள் பக்கம் விசேஷ வீடென்றால் விடிந்ததுமே வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இலைக்கு வந்துவிடும். “ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்கண்ணே” என்று கேட்கும் ஆச்சிமாருக்கு மறுப்புச் சொல்ல இவருக்கு வராது. அதனால் இருட்டோடு எழுப்பி மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போகிறேன். வருஷக்கணக்காகப் போட்ட, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தினார். அது இந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். உங்கள் வீட்டிலும் போடுகிறவர் இருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரங்களிலேயே பிரஷர் ஏறியது. வீட்டில் மிஷின் வாங்கி நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டினார். ஈரல் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது: 3, 5, 7, 9-ஆம் வாரங்கள், அப்புறம் 3, 4-ஆம் மாதங்கள், பிறகும் அவ்வப்போது. இவருக்கு ஒரு தடவை எகிறி, மருந்தை நிறுத்திவைத்து, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் மிளகும் மிளகாயும் அடுப்படிக்குள் வரவில்லை, கஞ்சியும் மோரும்தான். மீசையைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அடியில் பஞ்சு வெள்ளை, நுனியில் மட்டும் பழைய கறுப்பு. முடிக்கு நிறம் தருகிற இடத்தையும் மருந்து தடுப்பதால் அப்படி, பயப்பட வேண்டியதில்லை.

2013-ல் வெளியான பெரிய ஆய்வில் இதை, இதே நோய்க்குக் கொடுக்கும் சுனிட்டினிப் என்ற இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இது குறைந்துபோகவில்லை. களைப்பும் கை, கால் தோல் எரிச்சலும் குறைவு, ஈரல் தொந்தரவு கூடுதல். எங்கள் அனுபவமும் அதேதான். களைப்பில்லாமல் தினமும் சிவன் கோவில்வரை நடந்துபோய் வருகிறார். ஸ்கேனில் புள்ளிகள் கொஞ்சம் சுருங்கி அப்படியே நிற்கின்றன. அடியோடு குணமாக்காது, பிடித்து வைக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

விலைதான் பாரம். இதே மருந்தைப் பல கம்பெனிகள் விற்கின்றன. விலை வித்தியாசம் நிறைய. நாலு கடையில் விசாரியுங்கள், கம்பெனி மாற்றுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.