எஸ்எஸ்டியா, ஃப்ளக்ஸா? குன்னூர் ஈரத்தில் பிபிசி மைக்ரோ பிளாப்பிகள்

1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி. அந்தக் காலத்து ஐந்தேகால் அங்குல பிளாப்பிகள் ஒரு ட்ரங்க் பெட்டி நிறைய என்னிடம் வந்தபோது, எமுலேட்டருக்கு (பழைய கணினியைப் போலவே இயங்கும் நிரலுக்கு) எந்த வடிவில் நகலெடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி என்பது பிளாப்பியில் உள்ள தரவை மட்டும் வரிசையாக வைக்கும் ஃபைல். ஃப்ளக்ஸ் என்பது பிளாப்பிப் பரப்பின் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்வது. நான் ஃப்ளக்ஸ் பக்கம் போனேன்.

எஸ்எஸ்டி சுலபம்தான். 40 டிராக் (வட்டத் தடம்), டிராக்குக்கு 10 செக்டார் (தடத்தின் ஒரு துண்டு), செக்டாருக்கு 256 பைட், மொத்தம் 1,02,400 பைட். பீப்எம், ஜேஎஸ்பீப் போன்ற எமுலேட்டர்கள் எல்லாம் உடனே திறக்கும். ஃப்ளக்ஸ் ஃபைலோ பல எம்பி போகும், நிறைய எமுலேட்டர்கள் அதை நேரடியாக ஏற்காது. இடம் இன்று ஒரு பிரச்சினையே இல்லை, விடுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பூசணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரில் பீரோவுக்குள் இருக்கும் துணியே நமுத்துப்போகும். உறையின் நீள்வட்டத் திறப்பில் பார்த்தால், பழுப்புப் பரப்பின் மேல் சாம்பல் நிறப் பொட்டுகள். அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த பிளாப்பியையும் உரசிக் கெடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகும் சில செக்டார்கள் தடுமாறும்.

அந்த இடத்தில்தான் எஸ்எஸ்டி கைவிடுகிறது. பிளாப்பியில் ஒவ்வொரு செக்டாரோடும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் உண்டு. எஸ்எஸ்டியில் அதற்கு இடமே இல்லை. படிக்க முடியாத செக்டாரில் வெறும் பூஜ்யம் நிரப்பப்பட்டாலும் ஃபைலின் அளவு அதே 1,02,400 தான். எங்கே கெட்டது என்று பிறகு அந்த ஃபைலை வைத்துச் சொல்லவே முடியாது. டிரைவை இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் என்ற மின்பலகை வழியாக எடுக்கும் ஃப்ளக்ஸில் ஒரே டிராக்கின் பல சுற்றுகள் பதிவாகும். ஒரு சுற்றில் தவறிய செக்டார் இன்னொன்றில் சரியாக வரலாம். சிஆர்சியும் கூடவே இருப்பதால் எது சரி என்று தெரிந்துவிடும். பூசணம் பிடித்த பிளாப்பியை மறுபடி மறுபடி டிரைவில் சுழற்றவும் வேண்டாம். ஃப்ளக்ஸிலிருந்து எஸ்எஸ்டியை எப்போது வேண்டுமானாலும் பிரித்தெடுக்கலாம். எஸ்எஸ்டியிலிருந்து ஃப்ளக்ஸுக்குத் திரும்ப வழியில்லை.

கொமடோர் 64 என்ற இன்னொரு பழைய கணினியின் டி64, ஜி64 பிளாப்பி ஃபைல் வகைகளை நான் கையாண்டதில்லை, அதனால் இதே தீர்ப்பை அங்கே சொல்ல மாட்டேன். சுத்தமாக, உலர்ந்து இருக்கும் பிளாப்பி என்றால், அதே நிரல் வேறு பிரதிகளிலும் இருந்தால், எஸ்எஸ்டியே போதும். ஒரே பிரதிதான், அதுவும் மலையில் கிடந்தது என்றால், ஈரம் குறைந்த மாசி, பங்குனியில் ஃப்ளக்ஸாக எடுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்க அதிலிருந்து ஒரு எஸ்எஸ்டி செய்துகொள்ளலாம்.