பிஜே லைப்ரரி: தபாலில் வரும் யூதக் கதைப் புத்தகங்களும், அம்மாக்கள் சொன்னால்தான் தெரியும் விஷயங்களும்

சின்னக் குழந்தை இருக்கும் யூத வீட்டுக்கு பிஜே லைப்ரரியைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதை மட்டும் நம்பி அலமாரியை நிரப்ப முடியாது. புத்தகத்தை அனுப்புவதை அந்தச் சேவை அருமையாகச் செய்கிறது. இந்தப் புத்தகம் இந்த வீட்டுக்கு ஒத்துவருமா என்பதை இன்னொரு அம்மாதான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

பெயரில் உள்ள ‘பிஜே’ பைஜாமாவின் சுருக்கம். இரவு உடை மாற்றி, பல் துலக்கி, படுக்கையில் ஏறியதும் படிக்கும் கதை என்று பொருள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹெரால்டு கிரின்ஸ்பூன் அறக்கட்டளை இதை 2005இல் தொடங்கியது. பாடகி டாலி பார்டன் குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பும் திட்டம்தான் முன்மாதிரி. செலவை அறக்கட்டளையும் அந்தந்த ஊர் யூத அமைப்புகளும் நன்கொடையாளர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்துக்குப் புத்தகமும் தபாலும் இலவசம். அம்மா அப்பா இருவரில் ஒருவர் மட்டும் யூதராக இருந்தாலும் சேரலாம்.

பதிவு செய்யக் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, முகவரி போதும். ஒரே வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தால் மூவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அண்ணனுக்கு வருவதைத் தம்பிக்கும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், தம்பியின் வயதுக்கான புத்தகங்கள் கைக்கு வராமலே போய்விடும். கைக்குழந்தைக்குக் கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் பக்கங்கள், வளர வளரச் சாதாரணத் தாள். அட்டையின் உள்மடிப்பில் பெற்றோருக்கான குறிப்பு இருக்கும்: கதையில் வரும் எபிரேயச் சொல்லுக்கு என்ன பொருள், எந்தப் பண்டிகை, படித்த பிறகு பிள்ளையிடம் என்ன கேட்கலாம். யூத மரபு அதிகம் தெரியாமல் வளர்ந்த அம்மாவுக்கு இந்த மடிப்புதான் புத்தகத்திலேயே மதிப்பான பகுதி. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் தானே இரண்டு நிமிடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்பது வயதுக்கு மேல் ‘பிஜே அவர் வே’ என்ற பிரிவு, 2014இல் வந்தது. இதில் பிள்ளைகளே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளைகள் எழுதிய மதிப்புரைகளைப் படித்துவிட்டுத் தேர்வு செய்வதால் ஆர்வம் கூடுகிறது. இந்த வயதில் அம்மா தலையிடாமல் இருப்பது நல்லது.

குறை என்னவென்றால், சின்ன வயதில் தேர்வுக்கு முக்கிய அளவுகோல் வயது. நான்கு வயதுக் குழந்தைகள் எல்லாம் ஒன்றல்ல, யூத வீடுகளும் ஒன்றல்ல. ஒரே புத்தகத்தைப் பார்த்து, மரபுச் சட்டங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் வீட்டு அம்மா ‘இதில் யூத விஷயமே இல்லையே, வெறும் நல்லொழுக்கக் கதைதானே’ என்பார். அவற்றைத் தளர்வாகப் பின்பற்றும் சீர்திருத்த மரபு வீட்டு அம்மா ‘எங்களுக்கு இதுவே நிறைய’ என்பார். இருவர் சொல்வதும் சரி. அதனால்தான் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் புத்தகம் சொல்லும் பழக்கம் இத்தனை சேவைகள் வந்த பிறகும் நிற்கவில்லை. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிப் பாதுகாத்தார்கள். நல்லதை அடுத்தவளுக்குக் கொடுப்பது இந்தச் சமூகத்துப் பெண்களுக்குப் புதிதல்ல.

‘நல்ல புத்தகம் இருந்தா சொல்லு’ என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. பிள்ளையின் வயது, எத்தனை நிமிடம் உட்கார்ந்து கேட்பான், எபிரேய எழுத்து தெரியுமா, வீட்டில் சப்பாத்தை (வாராந்திர ஓய்வு நாளை) எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறீர்கள், எதற்குப் பயப்படுவான் என்ற ஐந்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதில் சொல்பவரும் ‘அருமை’ என்று நிறுத்தாமல், சத்தமாகப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றாவது சொன்னால் உதவும். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடியும்போது மூன்று வயதுக் குழந்தை களைத்துப் போயிருக்கும். இருபது நிமிடக் கதை அப்போது எடுபடாது.

சப்பாத் கடைப்பிடிக்கும் வீட்டுக்குப் புத்தகம் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு வரை எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது, மின்சாதனத்தை இயக்கக் கூடாது. ஆகவே மின்னூல் உதவாது, பொத்தானை அமுக்கினால் பாடும் புத்தகமும் உதவாது. ஸ்டிக்கர் ஒட்டும், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் வார நாளுக்கு. தூக்கிப் பார்க்கும் மடிப்புகள் உள்ளவை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பக்க விளிம்புகளில் எழுத்து முத்திரை குத்திய நூலகப் புத்தகத்தைச் சிலர் சப்பாத்தில் திறக்கத் தயங்குவார்கள். திறக்கும்போது எழுத்து பிரிவதும் மூடும்போது சேர்வதும் அழிப்பதிலும் எழுதுவதிலும் சேருமா என்ற பழைய விவாதம் அது. இரவல் கொடுக்கும் முன் விளிம்பைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்கத் தபால் சனிக்கிழமையும் வரும். பிஜே உறை அன்று வந்தால் பிள்ளை கேட்டு அழும், ஆனால் பிரிக்க முடியாது. வெள்ளி மாலைக்கு முன் வந்ததைப் பிரித்து அலமாரியில் வைத்துவிடுவது, சனியன்று வந்ததைக் கண்ணில் படாமல் எடுத்துவைப்பது என்று பல வீடுகளில் பழகிக்கொள்கிறார்கள்.

படங்களைப் பார்க்காமல் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கக் கூடாது. வரைபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை: அம்மா சப்பாத் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள். மெழுகுவர்த்தியைச் சூரியன் மறைவதற்கு முன்பே, வழக்கமாக 18 நிமிடம் முன்பே, ஏற்ற வேண்டும். எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் விளக்கை வரைவதிலும் பிழை வரும். அதற்கு எட்டுச் சுடரும் ஏற்றி வைக்க உதவும் ‘ஷமாஷ்’ ஒன்றுமாக ஒன்பது வேண்டும். ஏழு கிளை வரைந்திருந்தால் அது ஜெருசலேமின் பழைய ஆலயத்து விளக்கு. மெழுகுவர்த்தியை வலப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு போய், ஏற்றும்போது அன்றைக்குப் புதிதாக வைத்ததில் தொடங்க வேண்டும். எட்டு நாளுக்கு ஷமாஷ் உட்பட மொத்தம் 44. ஐந்து வயதுக் குழந்தை இதையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கேட்கும்.

உச்சரிப்பும் ஒரு விஷயம்தான். சப்பாத் என்ற சொல்லையே அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) மரபில் சில வீடுகளில் ‘ஷாப்பஸ்’ என்பார்கள், இஸ்ரேலிலும் செபார்டி (ஸ்பெயின் வழி வந்த) வீடுகளிலும் ‘ஷபாத்’ என்பார்கள். புரூக்ளினின் ஹகாய் போன்ற ஆர்த்தடாக்ஸ் பதிப்பகங்கள் முதல் வகையில் அச்சிடுகின்றன. வீட்டில் சொல்லும் விதத்துக்கு மாற்றித்தான் படிக்க வேண்டியிருக்கும். உணவுப் படங்களில் அஷ்கெனாசி வழக்கமே அதிகம். பஸ்கா பண்டிகையில் அஷ்கெனாசியர் வழக்கமாகத் தவிர்க்கும் அரிசியைச் சாப்பிடும் செபார்டி வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டு மேசை எந்தப் படத்திலும் இல்லையே என்று தோன்றும். அந்த வீட்டுக்கென்று தேடித்தான் சொல்ல வேண்டும்.

பண்டிகைப் புத்தகங்களில் ஹனுக்காவுக்குக் குவிந்து கிடக்கிறது, திருச்சட்டம் அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத்துக்குக் கொஞ்சம்தான். ஷவுவோத்துக்கு யாராவது நல்லது கண்டுபிடித்தால் உடனே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பஸ்கா இரவு விருந்தில் எல்லோரும் சேர்ந்து படிக்கும் நூலான ‘ஹகாதா’வைக் குழந்தைகளுக்கு வாங்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதிப்பாக வாங்க வேண்டும். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், பாதி விருந்து ‘எந்தப் பக்கம்?’ என்பதிலேயே போய்விடும். 1970களில் சின்னக் குழந்தைக்கேற்ற ஹகாதா வேண்டும் என்று இரண்டு பெண்கள் தாங்களே ஒன்றை உருவாக்கியதில்தான் கார்-பென் பதிப்பகம் பிறந்தது. இன்றும் முதலில் பார்க்க வேண்டிய பதிப்பகங்களில் அது ஒன்று. பஸ்காவுக்கு முன், சாப்பாட்டு மேசையில் படித்த புத்தகங்களை உதறிவிடுங்கள். ரொட்டித் துகள் பக்கங்களுக்கு நடுவே தங்கியிருக்கும், பஸ்காவில் புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாது.

யூத இனப்படுகொலை பற்றிய புத்தகத்தை மட்டும் போகிற போக்கில் யாருக்கும் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஆறாம் வகுப்பு முதல்தான் இந்தப் பாடத்தைப் பரிந்துரைக்கிறது. சொல்பவர் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மரணம் நேரடியாக வருகிறதா, கதை யார் கண்வழி நகர்கிறது, கடைசியில் குழந்தை யாருடன் இருக்கிறாள். வயதுக்கு மிஞ்சிப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அட்டையைப் பார்த்து இதை வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வாசிப்புத் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு.

அம்மாக்களின் வாய்ச்சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் வேண்டுமென்றால், யூத நூலகங்களின் சங்கம் தரும் சிட்னி டெய்லர் விருதுப் பட்டியல் நம்பகமானது. 1968 முதல் வருகிறது, வயதுப் பிரிவும் உண்டு. இஸ்ரேலில் 2009 முதல் பிஜே லைப்ரரியின் சகோதரத் திட்டமான ‘ஸிஃப்ரியத் பைஜாமா’ இயங்குகிறது. அங்கே புத்தகம் மழலையர் பள்ளி வழியாக வரும். ஆசிரியை வகுப்பில் படித்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வகுப்பு அம்மாக்கள் எல்லோர் கையிலும் ஒரே கதை இருப்பதால் பேச்சு தானாகத் தொடங்குகிறது. அமெரிக்கத் திட்டத்தில் இந்த வசதி இல்லை.

பிள்ளை வளர்ந்ததும் புத்தகங்களை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். எந்த வயதில் பிடித்தது, எந்தப் பக்கத்தில் பயந்தான் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கிழிந்து போனதைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எபிரேயத்தில் இறைவனின் பெயர் முழுதாக அச்சிட்ட ஆசி வாக்கியம் உள்ளே இருந்தால் அதை எறியக் கூடாது. ஜெபாலயத்தில் ‘கெனிஸா’ பெட்டி இருக்கும், அதில் சேர்த்தால் மற்ற பழைய நூல்களோடு மண்ணில் அடக்கம் செய்வார்கள்.