சோர்ட் கமாண்ட்: நன்கொடை லிஸ்ட் அடுக்குறவங்க கண்டிப்பா கத்துக்கணும்

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை போற வழில நாங்க வருஷா வருஷம் தண்ணீர் பந்தல் போடுவோம், நன்கொடை கணக்கு என் பொறுப்பு. சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், ஒரு வரிக்கு ஒரு ஆளு, பேரு கமா ஊரு கமா ரிங்கிட். இந்த தடவ ஊர் வாரியா பிரிச்சு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் பெரிய தொகை மேல வரணும்னு கேட்டாங்க, லினக்ஸ்ல சும்மாவே கிடைக்கிற, ஃபைல்ல உள்ள வரிங்கள வரிசைப்படுத்துற சோர்ட் (sort) கமாண்ட வச்சே முடிச்சிட்டேன், ரொம்ப சந்தோஷம்.

ஆனா ஒரு எடத்துல நல்லா மாட்டிக்கிட்டேன். ஒரு வரிய எத வச்சு ஃபீல்டு ஃபீல்டா பிரிக்கணும்னு சொல்ற மைனஸ் டி (-t) போட்டு கமான்னு சொல்லி, எந்த ஃபீல்ட வச்சு அடுக்கணும்னு சொல்ற மைனஸ் கே 2 (-k2), அப்புறம் மைனஸ் கே 3 என் ஆர்னு (-k3nr) குடுத்தேன். ஊரெல்லாம் சரியா சேந்துச்சு, பிறை ஊருக்கு கீழ பாத்தா 1001, 101, 501, 51னு நிக்குது! கே 2ன்னு மட்டும் சொன்னா ரெண்டாவது ஃபீல்டுல ஆரம்பிச்சு வரி முடியுற வரைக்கும் எழுத்தா பாக்குமாம், அதனால ரிங்கிட்டும் அதுக்குள்ளயே போயிடுது, நம்ம மூணாவத திரும்பியே பாக்கல. கே 2,2ன்னும் (-k2,2) கே 3,3 என் ஆர்னும் (-k3,3nr) எங்க முடியணும்னு சேத்து சொன்னதும் 1001, 501, 101, 51, கண்ணுக்கு குளிர்ச்சியா வந்துச்சு. என் (n) போட்டாதான் நம்பரா பாக்கும், ஆர் (r) போட்டா தலகீழா அடுக்கும்.

இன்னொன்னு எனக்கு ரொம்ப பிடிச்சது, மைனஸ் எஸ் (-s). ஒரே ஊர்ல நாலு பேரு 101 குடுத்திருந்தா ஃபைல்ல இருந்த வரிசைய கலைக்காது, முதல்ல குடுத்தவங்க பேரு முதல்லயே இருக்கும், நம்ம ஆளுங்க இதெல்லாம் கவனிப்பாங்க.

ரிசல்ட்ட அதே ஃபைல்ல சேவ் பண்ணணும்னா மைனஸ் ஓ (-o) போட்டு ஃபைல் பேர குடுங்க, பெரிய குறி (>) போட்டு அதே ஃபைலுக்கு அனுப்பிடாதீங்க, சோர்ட் படிக்கிறதுக்கு முன்னாடியே ஷெல் (நம்ம கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம்) ஃபைல காலி பண்ணிடும். பேருக்குள்ளயே கமா இருந்தாலும் கஷ்டம், அத வேற ஃபீல்டுன்னு எண்ணிக்கும், அப்படி இருந்தா நான் ஃபைல் முழுக்க கமாவுக்கு பதிலா டேப் வச்சு பிரிச்சு, மைனஸ் டி-லயும் டேப்னே சொல்லிடுவேன்.

தமிழ்ல ஊர் பேரு எழுதுறவங்களுக்கு ஒரு குறை. லோக்கேல், அதாவது எந்த மொழி முறைல அடுக்கணும்ங்கிற செட்டிங், சி-ல (C) இருந்தா யூனிகோட்ல எழுத்துங்களுக்கு குடுத்திருக்கிற நம்பர் வரிசைலதான் அடுக்கும், அதுல ஜ வந்து ச-வுக்கு அடுத்தே இருக்கு. ஜெலுத்தோங் பட்டர்வொர்த்துக்கு முன்னாடி வந்துடுச்சு, நம்ம அகராதி முறைப்படி அது கடைசில வரணும்லா, அந்த ஊரு வரிங்கள மட்டும் வெட்டி கீழ ஒட்டிட்டு பிரிண்ட் எடுத்தேன்.