முதல் கவிதை: ஞாயிறு பதிப்பா, இணைய இதழா, முகநூலா?

அக்காள் மகள் முதல்முறையாக ஒரு கவிதை எழுதிக் காட்டினாள். பினாங்கில் நாங்கள் தண்ணீர்மலை என்று சொல்லும் பக்கத்தில், 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்காவில் நிற்கும் நாகலிங்க மரத்தைப் பற்றியது. கிளை நுனியை விட்டுவிட்டு அடிமரத்திலேயே பூக்கும் மரம். பீரங்கிக் குண்டு போன்ற காய். பதினோரு வரிகள். எட்டாவது வரியில் ஒரே சொல்: ‘விழுந்தது’. அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு வரி இடம் விட்டிருந்தாள். காய் விழும் சத்தத்துக்காக விட்ட இடம் அது. "எங்க அனுப்பலாம், மாமா?" என்றாள்.

என் மனம் முதலில் போனது நாளிதழின் ஞாயிறு பதிப்புக்குத்தான். இந்த நாட்டில் தமிழ்க் கவிதை வளர்ந்த திண்ணை அது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. ஆனாலும் மலேசிய நண்பன், மக்கள் ஓசை என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் மரியாதை வருகிறது. அவள் பாட்டிக்குக் கைப்பேசி ஆகாது. பேத்தி பெயர் அச்சில் வந்தால் வெட்டி எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அந்த மகிழ்ச்சியை வேறு எதுவும் தராது.

ஆனால் பத்திரிகையின் பத்தி ஒடுக்கமானது. என் முதல் கவிதை ஒரு நாளிதழில் வந்தபோது இரண்டு கண்ணிகளை ஒன்றாக ஒட்டி, கடைசி வரியை இடமில்லாமல் விட்டிருந்தார்கள். மழை வருவதற்கு முன்பே முடிந்துபோன மழைக் கவிதை அது. அன்று நான் அழுதேன். இவளுடைய ‘விழுந்தது’ அடுத்த வரியோடு ஒட்டிக்கொண்டால் அந்தச் சத்தமே போய்விடும்.

முகநூலில் போட்டால் இன்றிரவே வந்துவிடும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குடும்பக் குழுவுக்கும் போகும். அத்தைமார் எல்லாரும் ‘அருமை’ என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் ஐந்தாவது வரி தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த வரி வேண்டாம் என்றே படுகிறது: காய் பெரியது என்று நான்காவது வரி காட்டிவிட்ட பிறகு, ஐந்தாவது அதையே விளக்குகிறது. இன்னொன்று, முகநூலில் வந்துவிட்டதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதி ஒதுக்கும் இதழ்கள் பல. போட்ட பிறகு அந்தக் கதவைத் திறப்பது கடினம். யாராவது எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வார்களோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்ததுமே உரிமை அவளுடையது. ஆயுள் முழுக்க, அப்புறம் 50 ஆண்டுகள். முதலில் எழுதியது தான்தான் என்று காட்ட, தேதியோடு ஒரு படி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மின்னல் எஃப்.எம் வானொலியில் வாசிக்க வாய்ப்பு வந்தால் கண்டிப்பாகப் போகலாம். வெற்றிடத்தைக் குரல் நிறுத்திக் காட்டும். ஆனால் அது காற்றோடு போய்விடும். முதல் வெளியீட்டுக்கு அது போதாது.

வல்லினம் போன்ற இணைய இதழுக்கு அனுப்புவதே இந்தக் கவிதைக்குச் சரி என்று நினைக்கிறேன். அங்கே பத்தி அகலம் என்ற தொல்லை இல்லை. கைப்பேசியில் நீண்ட வரி மடங்கலாம். ஒற்றைச் சொல் மடங்காது. தேர்ந்தெடுப்பவர் வாசகராக இருந்து வாசிப்பார், வேண்டாம் என்றும் சொல்வார். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பதிலே வராமலும் போகலாம். பதினெட்டு வயதில் அது வலிக்கும், எனக்குத் தெரியும். இருந்தும் பத்து ‘அருமை’யைவிட ஒரு திருத்தம் அவளுக்கு அதிகம் உதவும். அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பலாம். ‘எட்டாவது வரியைத் தனியாக விடவும்’ என்று ஒரு குறிப்பும் சேர்த்து. பாட்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, வரி எப்படி நிற்க வேண்டும் என்று காட்ட ஒரு பிடிஎஃப் படியும் இணைத்தாள். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. சனிக்கிழமை காலையில் மறுபடி அந்த மரத்தடிக்குப் போனோம். மூன்றாவது வரியில் பூவைச் சிவப்பு என்று எழுதியிருந்தாள். கீழே கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், இதழின் உள்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் மஞ்சள். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினாள், ஐந்தாவதையும் அடித்தாள். இப்போது ‘விழுந்தது’ ஏழாவது வரி.