பழுப்பு வட்டம்: ஆர்செல்லாவா, சென்ட்ரோபிக்சிஸா?

குளத்துப் பாசியைக் கிண்ணத்தில் பிழிந்து, அடியில் தங்கும் வண்டலில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டால் ஓடுள்ள அமீபா ஒன்றாவது பெரும்பாலும் மாட்டும். பழுப்பு வட்டம், நடுவில் ஓட்டை, உளுந்துவடைதான். உடனே ‘ஆர்செல்லா’ என்று நோட்டில் எழுதக் கை துறுதுறுக்கும். நானும் எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறேன்.

நிறத்தை நம்பியதுதான் தப்பு. ஆர்செல்லாவின் புது ஓட்டுக்கு நிறமே இருக்காது. இரும்பும் மாங்கனீசும் படியப் படிய மஞ்சளாகி, கடைசியில் காப்பி நிறத்துக்கு வரும். சென்ட்ரோபிக்சிஸ் அக்குலியேட்டா என்ற இன்னொரு ஓடுள்ள அமீபாவும் பழுப்புதான். அதனால் முதலில் ஓட்டையைப் பாருங்கள். ஆர்செல்லாவில் அது நட்டநடுவில் இருக்கும். சென்ட்ரோபிக்சிஸில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். எதிர்ப்பக்க விளிம்பில் சில முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்: உடைந்து போயிருக்கலாம். ஆர்செல்லா டென்டாட்டாவுக்கும் முள் உண்டு, ஆனால் பல்சக்கரம் போலச் சுற்றிலும்.

அப்புறம் மேற்பரப்பு. 400 மடங்கில் ஃபோகஸை மெல்லத் திருகினால் ஆர்செல்லா ஓட்டில் தேனடை போல ஒழுங்கான புள்ளிகள் தெரியும். அது தானே சுரந்து கட்டிய வீடு. சென்ட்ரோபிக்சிஸ் ஓட்டில் மணல் துகள்கள், டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் என்று பொறுக்கியதெல்லாம் ஒட்டியிருக்கும்.

சரி, ஆர்செல்லாதான். அதில் எந்தச் சிற்றினம், வல்காரிஸா, டிஸ்காய்டிஸா? இங்கேதான் இழுபறி. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வடை. உட்கருவை எண்ணியும் பயனில்லை, இரண்டிலும் பொதுவாக இரண்டு. பக்கவாட்டில் பார்த்தே ஆக வேண்டும். கவர் கிளாஸின் ஓரத்தை ஊசியால் லேசாகத் தட்டினால் காலி ஓடு புரளும். கவிழ்த்த கிண்ணம் போல, உயரம் விட்டத்தில் ஏறக்குறைய பாதி இருந்தால் வல்காரிஸ். தட்டையாக, மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ என்றால் டிஸ்காய்டிஸ்; நடு ஓட்டையும் அகலமாக இருக்கும். உயரத்தை அளக்காமல் சிற்றினப் பெயர் எழுதுவதை நான் விட்டுவிட்டேன். ‘ஆர்செல்லா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உயிருள்ளது கிடைத்தால் ஊசியே வேண்டாம். மல்லாந்து கிடக்கும் ஆர்செல்லா உடலுக்குள் ஒரு பக்கமாக வாயுக் குமிழி உண்டாக்கும். அந்தப் பக்கம் மேலெழும்ப, ஓடு மெதுவாகச் சாய்ந்து நிற்கும். கவர் கிளாஸை அழுத்தாமல் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவோடு காத்திருங்கள்.